கம்பிக்குப் பேர் வைத்த கேப்டன்

மைசூரில் எங்கள் ‘கம்பி கேப்டன்’ அளவுக்கு மின்கம்பிக்குப் பயந்த மனிதர் பிறந்ததும் இல்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. ஆனால் அவர் பார்த்த வேலையோ, ஹெலிகாப்டரை வாழைமர உயரத்துக்கு இறக்கி மருந்து தெளிப்பது! வரப்பில் நின்று வாக்கி டாக்கியில் அவரோடு பேசுவது என் உத்தியோகம்.

கல்யாண மண்டபத்தில் சீரியல் பல்பைக் கண்டாலும் குனிந்துதான் போவார். விஜயநகரில் அவர் வீட்டு மாடியில் துணிக்கொடி கட்டவே விடமாட்டார். பாவம், அவர் மனைவி நாற்காலிகள் மேல் புடவை காயவைத்தார்.

பறப்பதற்கு முன் தோட்டம் முழுக்க நடந்து பார்ப்பார். "மேலேர்ந்து பாத்தா கம்பி தெரியாது ஸ்டெல்லா. கம்பத்தைத்தான் தேடணும்" என்பார். பிறகு ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பேர் வைப்பார். பேர் இல்லாத கம்பி நாலு சுற்றில் மறந்துபோகுமாம். "மாமியாரத் தாண்டிட்டேன். கணக்கு டீச்சர் எங்க?" என்று அவர் வானத்திலிருந்து கேட்க, சாமராஜநகர் தோட்டக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"குடும்பத்துல ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

ஒருநாள் காலை அதே தோட்டத்தில் மோட்டார் ரூமுக்குப் புதிதாக ஒரு கம்பி இழுத்திருந்தார்கள். நூல் மாதிரி இருந்தது. கேப்டன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருக்கறதுலயே மோசம் இதுதான். இதுக்கு உன் பேரு."

"நான் அவ்ளோ மோசமா சார்?" முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன்.

வேலை அநேகமாக முடிந்துவிட்டது. ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் விட்டுப்போயிருந்தது. அதற்காகத் திரும்பியவர், வெயில் முகத்தில் அடிக்க, மோட்டார் ரூமைப் பார்த்து நேராக வந்தார். தாழ்ந்துகொண்டே வந்தார். வாக்கி டாக்கியை அழுத்தினேன். கம்பி என்ற வார்த்தையே வரவில்லை.

"சார்! நான்! முன்னாடி நான் இருக்கேன் சார்!"

ஹெலிகாப்டரின் மூக்கு நிமிர்ந்தது. அவ்வளவு பெரிய இரும்பு, கம்பிக்குச் சற்று முன்னால் அப்படியே வானத்தில் ஏறியது. கீழே கம்பி காற்றில் துடித்தது. சிலுவை போட்டுக்கொள்ளக்கூடத் தோன்றாமல் வாயைப் பிளந்து நின்றேன். மனிதக் கைக்கு இதெல்லாம் முடியுமா என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

இறங்கி வந்தவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மறந்துட்டேன்மா. நானே நடந்து பாத்த கம்பி. நீ குரல் குடுத்ததும் கை தானா இழுத்துடுச்சு."

"மோசமானவ பேராச்சே, பயந்திருப்பீங்க."

அவர் சிரிக்கவில்லை. "பிடிக்காதவங்க பேர வெச்சா, மோதித்தான் பாப்போமேன்னு தோணிடும் ஸ்டெல்லா. மோதவே கூடாதவங்க பேரத்தான் வைப்பேன்."

கேப்டன் இப்போது பறப்பதில்லை. சாமராஜநகர் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் அந்த மோட்டார் ரூமை எட்டிப் பார்ப்பேன். என் பேர் இன்னும் அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைவிடப் பெரிய மரியாதையை எனக்கு வேறு யாரும் செய்ததில்லை.