பதவி வரிசைப்படி குற்றவாளிகள்

வங்காளத்துச் சோனாடாங்கா ஜில்லாக் கச்சேரிக்கு மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தால் அதற்குப் பதில் போயாக வேண்டும். வெள்ளம் வரலாம், காலரா வரலாம், பதில் மட்டும் நிற்கக் கூடாது. இந்த நெறியில் இருபது வருஷமாகப் பிசகாதவர் தலைமைக் குமாஸ்தா பனமாலி சர்க்கார். ஊரார் வாயில் ‘பெரிய பாபு’.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டில் கல்கத்தாவிலிருந்து ஒரு புதுச் சட்டம் வந்தது. ஆணோடு ஆண் கூடினால் அது இயற்கையின் ஒழுங்குக்கு விரோதம். ஆயுள் வரைக்கும் தண்டனை. கூடவே ஒரு படிவம்: ‘இம்மாவட்டத்தில் மேற்படியார் எத்தனை பேர்?’

பனமாலி ‘இல்லை’ என்று எழுதி நீட்டினார். மாஜிஸ்திரேட் பிளம்லி துரை அதைத் திருப்பித் தள்ளினார்.

“குற்றம் இல்லாமலா சட்டம் போடுவாங்க? சட்டம் வந்தாச்சு, அப்போ குற்றம் இருக்கு. பக்கத்து ஜில்லா மாஜிஸ்திரேட் பதினோரு பேரைப் பிடிச்சிருக்கான்.”

“எதை வச்சுங்க கண்டுபிடிக்கிறது?”

துரை மீசையைத் தடவி மூன்று அடையாளங்கள் அருளினார். இருவருக்கும் பெண்டாட்டி கிடையாது. ஒரே கூரையின் கீழ் வாசம். ஒருவரை ஒருவர் கண்டால் முகம் மலரும்.

மூன்றும் பொருந்தும் இருவரைப் பனமாலிக்குத் தெரியும். கடைத்தெருவில் நகுல், யாதவ் என்று இரண்டு மிட்டாய்க்காரர்கள்; பல வருஷமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஊருக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கல்யாண வரிசைத் தட்டுக்கு மீன் வடிவச் சந்தேஷ் என்ற பால் இனிப்பை அவர்களிடமே வாங்கினார்கள். அந்த ஜோடியின் கைபட்டால் பெண்ணும் மாப்பிள்ளையும் பிரியவே மாட்டார்களாம்.

நேராக அங்கே போனார். யாதவ் திரிந்த பாலைப் பிசைந்துகொண்டிருந்தான்.

“என்ன பெரிய பாபு, மூஞ்சியும் திரிஞ்சு கிடக்கு?”

பனமாலி விஷயத்தைச் சொன்னார்.

“ஆயுசுக்கும் ஜெயில்னா, ரெண்டு பேரையும் ஒரே அறையில போடுவாங்களா?” என்றான் நகுல்.

“விளையாடாதடா. உங்க பேரை எழுதப்போற கை என் கை.”

“எங்க பேரை மட்டும் எழுதினா அது ஓரவஞ்சனை, பாபு,” என்றான் யாதவ். “ஊர்ல ஒருத்தரையும் விடாதீங்க. மேலேயிருந்து கீழ வரைக்கும் விசாரிச்சு எழுதுங்க.”

பனமாலி அப்படியே செய்தார். முகமலர்ச்சி என்ற மூன்றாம் அடையாளம் கல்யாணமான வீடு எதிலும் தென்படவில்லை என்பது ஆறு வாரத்து ஆய்வில் தெரியவந்த உபரிச் செய்தி. பிறகு, கச்சேரி வழக்கப்படி, பதவி வரிசையில் பட்டியல் தயாரானது.

‘நெ. 1: மாஜிஸ்திரேட் துரையவர்கள். நெ. 2: போலீஸ் சூப்பரிண்டெண்டு ராஸ் துரையவர்கள். மனைவி: இருவருக்கும் இல்லை. வாசம்: ஒரே பங்களா. முகமலர்ச்சி: தினமும் மாலை ஐந்தரை மணி, வராந்தாவில். சாட்சி: சமையல்காரர். நெ. 3, 4: மிட்டாய்க்காரர்கள்.’

துரை இரண்டு தரம் படித்தார். முகம் செம்பருத்தியாயிற்று.

“என்னய்யா இது?”

“பதவி வரிசைங்க. மூணையும் நாலையும் மட்டும் பிடிச்சா ஒண்ணும் ரெண்டும் என்னாச்சுன்னு கல்கத்தாவுல கேப்பாங்க.”

துரை பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“பனமாலி, நம்ம ஜில்லாவுல இயற்கையின் ஒழுங்கு எப்படி இருக்கு?”

“ரொம்ப ஒழுங்கா இருக்குங்க.”

“அப்போ ‘இல்லை’ன்னே எழுது.”

அன்று மாலை மிட்டாய்க் கடையிலிருந்து பங்களாவுக்கு இரண்டு சேர் சந்தேஷ் போயிற்று.

அதற்குப்பின் வருஷா வருஷம் ‘இல்லை’ போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் துரைமாரெல்லாம் மூட்டை கட்டினார்கள். சட்டத்தை மட்டும் மறந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

நூற்றுப் பதினைந்து வருஷம் கழித்து அதே நாற்காலியில் பனமாலியின் கொள்ளுப்பேரன் விமலேந்து சர்க்கார். ஒரு மனு வந்தது: ‘லண்டனிலேயே இதை எடுத்துவிட்டார்கள், நாமும் எடுக்கலாமே?’ விமலேந்து பதில் எழுதினார்:

‘இச்சட்டம் நம் முன்னோர் வகுத்த தொன்மையான மரபு. இதை எடுக்கச் சொல்வது வெள்ளைக்கார மோகம். அப்படிப்பட்டவர்கள் இவ்வூரில் என்றுமே இருந்ததில்லை. ஆதாரம்: என் கொள்ளுத்தாத்தா கையெழுத்து முதலான நூற்றுப் பதினைந்து படிவங்கள்.’

முத்திரை குத்திவிட்டுக் குடையோடு கிளம்பினார். அடுத்த வாரம் மகள் கல்யாணம். வரிசைத் தட்டுக்கு மீன் சந்தேஷ் சொல்ல வேண்டும்.

“நகுல்-யாதவ் கடையிலதான் சொல்லணும்,” என்று மனைவி காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். “அந்தக் கைராசி வேற எவனுக்கும் கிடையாது.”