வல்லிபுரத்தாரின் மௌன விரதம்

"வர்ற வெள்ளிக்கிழமை ஏழாம் சூத்திரத்துக்கு நீங்கதான் விளக்கம் சொல்லணும், அங்கிள். நோட்டீஸ் அடிச்சாச்சு லா!" என்று சொல்லிவிட்டு, வாசகர் வட்டத்தின் செயலாளர் ஜெயராஜ் ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பினான்.

மாட்டிக்கொண்டார் வல்லிபுரத்தார். பிரிக்பீல்ட்ஸ் ஞான வாசகர் வட்டத்தில் ஒன்றரை வருடமாக முன்வரிசையில் உட்கார்ந்து, குகைவெளிச் சுவாமிகள் எழுதிய சூத்திர நூலுக்குத் தலையாட்டி வருகிறார். பாவம், ஒரு வரிகூட விளங்கியதில்லை. சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணி, ரயில்வே ஆபீசில் முப்பது வருடம் தலைமைக் கிளார்க்காக இருந்த மனிதர் அதை எந்த வாயால் சொல்வார்?

புத்தகத்தைத் திறந்து ஏழாம் சூத்திரத்தை உரக்கப் படித்தார். "ஒளியின் நிழல் தன் முதுகைத் தானே காணும்போது, காண்பவன் எங்கே படுப்பான்?"

"பாயிலதான்," என்றாள் மனைவி குணபூசணி, கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே. "விளங்கேல்லையெண்டு சொல்லிப்போட்டு வாங்கோவன். தலையே போகப்போகுது?"

"மரியாதை போயிடும்!"

வெள்ளிக்கிழமை காலை, தொண்டை கட்டிவிட்டதென்று ஜெயராஜிடம் சைகை காட்டினார். அவன் விடுவானா? டாக்டரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "தொண்டை நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

வேறு வழியில்லாமல், 'மௌன விரதம்' என்று ஒரு தாளில் எழுதி நீட்டினார் வல்லிபுரத்தார்.

அதோடு போயிற்றா? ஏழாம் சூத்திரம் விளங்கியவர்கள் பேசவே மாட்டார்களாம் என்று செய்தி பரவி, காஜாங்கிலிருந்தும் காப்பாரிலிருந்தும் கார் பிடித்து ஆட்கள் வந்து காலில் விழுந்தார்கள். ஓர் அம்மாள் அவருடைய தும்மலுக்குக்கூட அர்த்தம் சொன்னாள். குணபூசணிக்குத் தேத்தண்ணி ஊற்றியே கை ஓய்ந்தது.

"ஆனா ஒண்டு," என்றாள் அவள். "நீங்கள் வாய் திறக்காததில வீடு நல்ல நிம்மதியாக் கிடக்கு."

பத்தாம் நாள் ஜெயராஜ் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அங்கிள்! சுவாமிகளோட நேர் சீடர் பினாங்குக்கு வந்திருந்தாரு. பன்னெண்டு வருசமா வாயே திறக்காதவரு. உங்களப் பத்திக் கேள்விப்பட்டு, தனியாப் பார்க்கணும்னு எழுதிக் காட்டினாரு. வெளியில கார்ல இருக்காரு!"

தீர்ந்தது கதை என்று நினைத்தார் வல்லிபுரத்தார். கண்டவனை ஏமாற்றலாம், கரைகண்டவரை ஏமாற்ற முடியுமா?

காவியும் தாடியுமாகச் சீடர் உள்ளே வந்தார். கையசைத்து எல்லோரையும் வெளியே அனுப்பினார். எதிரில் உட்கார்ந்து, ஐந்து நிமிடம் இமைக்காமல் பார்த்தார். வல்லிபுரத்தாருக்கு வேட்டி நனையாத குறைதான்.

"சாமி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ!" என்று கும்பிட்டுவிட்டார். "எனக்கு அதில ஒரு வரியும் விளங்கேல்லை. வெட்கத்திலதான் வாயை மூடினனான்."

சொன்னதும் அப்பாடா என்றிருந்தது. ஒன்றரை வருடப் பாரம் நெஞ்சைவிட்டு இறங்கிவிட்டது. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், இனி யாருக்கும் தலையாட்ட வேண்டாம்.

சீடர் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். திரும்பி வந்து, அவர் காதருகே குனிந்தார்.

"உங்களுக்கு எந்தப் பக்கத்துல நின்னுபோச்சு? எனக்கு மூணாம் பக்கம்."