காணாமற்போன ரப்பர் விதை

எங்கள் மலையடிவார ஸ்டேஷனில் ரயில் டீசலால் ஓடியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரப்பர் விதையால்தான் ஓடியது. அந்த விதைகளை நகர்த்தியவர் விதைக்காரர்.

எந்த ரயிலுக்கு எந்த டிரைவர், எந்த கார்ட் என்று முறை போடும் கிளார்க் அவர். யாழ்ப்பாணத்து மனிதர். தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே கார்டாகச் சேர்ந்தபோது, ஃபைல் அறைத் தரை முழுக்கச் சோக்கட்டியால் கட்டம் போட்டிருந்தார். ஒவ்வொரு கட்டமும் ஒரு ரயில். ஒவ்வொரு விதையும் ஓர் ஆள்; வெள்ளைப் பெயிண்டில் பெயரின் முதலெழுத்து இருக்கும். கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளையான நான்தான் விதை சப்ளை. எனக்கு அங்கே இருந்த செல்வாக்கு அவ்வளவுதான்.

எல்லா ரயிலுக்கும் ஆள் வேண்டும், ஆளுக்கு ஓய்வு வேண்டும், மூன்றாம் நாளாவது வீடு சேர வேண்டும். இதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவருடைய ஜென்மப் பகை வேறொன்று. வேலை முடிந்த ஆள் திரும்பி வரும்போது பயணிகளோடு உட்கார்ந்து கடலை தின்றுகொண்டு வருவான் அல்லவா, அது.

"தம்பி, ஒரு ஆள் சும்மா ஏறிப் போறான் எண்டால் அது என்ர பிழை," என்பார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஒருமுறை புதிதாக வந்த துப்புரவுக்கார அம்மா, பாவம், அறையைக் கூட்டிவிட்டு, விதைகளைத் தன் கைக்கு வந்தபடி அழகாக அடுக்கி வைத்துவிட்டார். மறுநாள் கொழும்பு ரயிலுக்கு நான்கு கார்டுகள் கொடியோடு வந்து நின்றோம். சரக்கு ரயிலுக்கு ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகு கதவில் மும்மொழியிலும் 'கூட்டாதே' என்று எழுதிவிட்டார். தூசு கணுக்கால் வரை வந்தது.

இந்த நேரத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் நிவித்திகல தோட்டம். முகூர்த்தம் வெள்ளிக்கிழமை காலை. பண்டிகை நேரம், ஆள் பற்றாது என்று எங்கள் மேலதிகாரி, பெரியவர், லீவை மறுத்துவிட்டார். அன்று கொழும்பு போய் மத்தியானச் சரக்கு ரயிலைக் கொண்டுவர வேண்டியது நான். விதைக்காரரிடம் ஓடினேன்.

"ஐயா, பொண்ணு வீட்டுல பத்திரிகையெல்லாம் குடுத்துட்டாங்க. நான் போகலைன்னா மானம் போயிருங்க."

"லீவு குடுக்கிறது பெரியவர். எனக்குக் கட்டம் மட்டும்தான் தெரியும்," என்றார், தலை நிமிராமல். எனக்கு வந்த கோபத்தில் விதை சப்ளையை நிறுத்துவதென்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை மாலை கூப்பிட்டார்.

"உம்மட விதையைக் காணேல்லை."

"எங்கேயாச்சும் உருண்டிருக்குங்க ஐயா. தேடுவோம்."

"தேடியாச்சு. விதை இல்லாத ஆளை நான் எங்க வைக்கிறது? நீர் வீட்ட போம். திங்கக்கிழமைக்கிடையில எடுத்துப்போடுவன்." ஒட்டிய உறை ஒன்றை நீட்டினார். "தாலி கட்டினாப் பிறகு உடைச்சுப் பாரும்."

செய்தி கேட்டுப் பெரியவர் கோபத்தில் துள்ளிக்கொண்டு வந்தார். கட்டத்தைக் குனிந்து பார்த்தார். ஒரு ரயில்கூட ஆளில்லாமல் இல்லை. பழைய முறைப்படி, காலையில் கொழும்புக்கு ரயில் கொண்டுபோகும் கார்ட் மத்தியானம் சும்மா திரும்புவார். என் சரக்கு ரயிலைக் கொண்டுவர நான் இங்கிருந்து சும்மா போவேன். அவரையே கொண்டுவரச் சொல்லலாம். ஆனால் அவர் கொழும்பு சேர்வதற்குப் பத்து நிமிடம் முந்தியே சரக்கு ரயில் புறப்பட்டுவிடும். அவரை முந்தைய ரயிலுக்கு மாற்றினால் அங்கிருந்தவரை வேறிடம் மாற்ற வேண்டும். இப்படி விதைக்காரர் பதினொரு விதைகளை நகர்த்தி, ஒருவருடைய ஓய்வையும் குறைக்காமல், என்னை வெளியே எடுத்திருந்தார். பெரியவர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குத் திரும்பினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை தாலி கட்டினேன். உறையைப் பிரித்தேன். உள்ளே என் எழுத்துப் போட்ட ரப்பர் விதை. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'விதை கிடைத்துவிட்டது. திங்கள் காலை ஏழரைக்குக் கட்டத்துக்குள் இருக்க வேண்டும்.'

அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்தில் புதிதாக ஒன்று பொறுக்கி, எழுத்தை நானே எழுதிக்கொண்டு போனேன். விதைக்காரர் அதை வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"இது புதிசு போல கிடக்கு," என்றார். பிறகு, பின்னேரம் என்னை வீடு சேர்க்கும் ரயிலின் கட்டத்தில் அதை வைத்தார்.