அலாஸ்காவில் ஓர் அளவுகோல்

மனுஷ வாடையே படாத மலையைத்தான் படம் எடுப்பது. அதுவும் கருப்பு வெள்ளையில்தான் எடுப்பது. கப்பல் ஏறுவதற்கு முன்பே முனிராஜ் இப்படி முடிவு கட்டிவிட்டார்.

ஓசூர் சிப்காட்டில் பிரேக் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரு மயிரிழை கூடினாலும் ‘ரிஜெக்ட்’. வீட்டில் தோசை வட்டம் தப்பினாலும் அதே சொல்தான். சியாட்டிலில் வேலை பார்க்கும் மகள் கவிப்ரியா, அப்பா அம்மாவின் கல்யாண வெள்ளிவிழாவுக்கு அலாஸ்கா கப்பலில் டிக்கெட் போட்டுக்கொடுத்தாள். செய்தி கம்பெனி மேனேஜர் காதுக்குப் போனது.

“நல்ல பனிமலைப் படமா ஒண்ணு கொண்டாங்க முனிராஜ். ரிசப்ஷன் சுவத்துல பெருசா மாட்டிடலாம்.”

அந்தச் சுவரில் சாயம் போன அருவி ஒன்று பல வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இனி அங்கே தன் கலை தொங்கும்! முனிராஜுக்குத் தூக்கம் போயிற்று. புதுக் கேமரா வந்தது. வீடியோ வீடியோவாகப் பார்த்துப் பாடம் படித்தார்.

“வெள்ளையிலயே பத்து வெள்ளை இருக்கு, தெரியுமா?” என்றார் மனைவி சரிதாவிடம்.

“உங்க பனியன தொவைக்கிறவளுக்கா தெரியாது?” என்றாள் சரிதா.

பனிப்பாறை தெரியும் நாளன்று, கப்பலின் மேல்தளத்துக் கம்பியோரம் ஸ்டாண்டை ஊன்றி நின்றார். எதிரே மலையிலிருந்து இறங்கிய பனியாறு கடலுக்குள் கால் நீட்டிக் கிடந்தது. வானம் சாம்பல், தண்ணீர் ஈயம், மலை கரி. கருப்பு வெள்ளைக்கென்றே செய்துவைத்தது போல இருந்தது. மூச்சை அடக்கிக் கண்ணை வைத்தார். உள்ளே ஒரு சிவப்பு நுழைந்தது.

சரிதாதான். அரக்குச் சிவப்புப் பட்டு. உள்ளே இருந்த ஸ்வெட்டர்களின் புண்ணியத்தில், பட்டுச் சுற்றிய கேஸ் சிலிண்டர் மாதிரி இருந்தாள்.

“என்னங்க, ஒண்ணு எடுங்க. தங்கச்சிக்கு அனுப்பணும்.”

“தள்ளு. சட்டத்துக்குள்ள ஆளு வரக்கூடாது.”

“எந்தச் சட்டத்துல அப்பிடிப் போட்டிருக்கு?”

“போட்டோ சட்டம்டி. ஃபிரேமு! இது கலை. கோணம் பாத்து எடுக்கணும்.”

“நானும் பாத்துட்டுதான் இருக்கன். கோணலாத்தான் இருக்கு.”

அதோடு போய்விட்டாள். சண்டை போடாமல் போனாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். முனிராஜோ, மேகம் நகரக் காத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தவள் கையில் காபி. அவருக்குக் கொடுத்துவிட்டுக் கேமராவின் திரையை எட்டிப் பார்த்தாள்.

“இது என்னங்க, கல்லுப்பா?”

“பனிப்பாறை! இருபது மாடி ஒசரம்!”

“நம்ம பழைய ஃபிரிட்ஜுல இதைவிடப் பெருசா கட்டுமே.”

“நேர்ல பாரு, எம்மாம் பெருசு!”

“நேர்ல பெருசுதான். உங்க மேனேஜரு படத்துலதான பாப்பாரு? அளவு போடாத ட்ராயிங்கைக் கையால தொடமாட்டன்னு தெனம் சொல்றது யாரு? பக்கத்துல அளவுக்கு ஒண்ணு வேணாமா?”

அடி சரியான இடத்தில் விழுந்தது. முனிராஜ் சுற்றிலும் பார்த்தார். அரைக்கால் சட்டை போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

“அவர வேணா நிக்கவெக்கட்டுமா?”

“அவரு ஒசரம் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது.”

“என்னோடது?”

“அஞ்சடி ரெண்டங்குலம்” என்று வாய் தானாகச் சொன்னது. அப்புறம்தான் புத்தி விழித்தது. “கிட்ட நிக்கற நீ தூரத்து மலைக்கு எப்பிடி அளவாவ?”

“சூரியன மட்டும் கிட்டப் போயா அளந்தாங்க?”

முனிராஜ் ஸ்டாண்டைக் கொஞ்சம் நகர்த்தினார்.

“சரி, ஓரமா நில்லு. துளியூண்டு தெரிஞ்சா போதும்.”

நின்றாள். திரையைப் பார்த்த முனிராஜுக்கு உடம்பு சிலிர்த்தது. கருப்பு வெள்ளையில் அந்தச் சிவப்பு, அசல் கருப்பாக விழுந்திருந்தது. அத்தனை வெள்ளையையும் தூக்கிக் காட்டும் கருப்பு!

“இன்னும் கொஞ்சம் நடுவுல வா. முந்தானைய விடு, பறக்கட்டும். ம்... இன்னும் கிட்ட!”

கலை அவரை இழுத்துக்கொண்டு போனது. சரிதா நினைத்த இடத்துக்குத்தான் போனது.

அப்போது வெடி வெடித்தது போல ஒரு சத்தம். பனிப்பாறையின் முகம் பாதி பிய்ந்து கடலில் விழுந்தது. கப்பலே ‘ஓ’ என்று கத்தியது. அதே நொடியில் முனிராஜ் பொத்தானை அழுத்தினார். வாழ்நாளுக்கு ஒரு படம்!

“அய்யய்யோ, கண்ண மூடிட்டன். இன்னொண்ணு எடுங்க.”

“அது இன்னொருவாட்டி விழுமாடி?”

“அது விழுந்தா என்ன, விழாட்டி என்ன? என் கண்ணு தொறந்திருக்கணும்.”

எடுத்தார். கண் திறந்திருந்தது. பின்னால் பனிப்பாறை தன் வேலையை முடித்துக்கொண்டு சும்மா நின்றிருந்தது.

ஊர் திரும்பியதும் எல்லாப் படங்களையும் பென் டிரைவில் போட்டார். பாகலூர் ரோட்டு பிரிண்டிங் கடைக்குப் போக அவருக்கு ஷிப்டு ஒத்துவரவில்லை. “கண்ணு மூடின படம். கருப்பு வெள்ளை” என்று திரும்பத் திரும்பச் சொல்லி சரிதாவை அனுப்பினார். அவளும் சமர்த்தாகத் தலையாட்டினாள். அந்தக் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் கலரிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும் என்பது முனிராஜுக்குத் தெரியும். சரிதாவுக்கும் தெரியும் என்பதுதான் தெரியாது.

ஆயுத பூஜையன்று கம்பெனிக்குக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ரிசப்ஷனில் படத்தை மூடியிருந்த துணியை மேனேஜர் விலக்கினார். சுவர் முழுக்க அரக்குச் சிவப்பு. நடுவில் முந்தானை பறக்க, கண்ணை அகல விரித்துச் சரிதா.

முனிராஜ் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

“கண்ணு மூடின படத்தச் சுவத்துல மாட்டக்கூடாதுன்னு கடைக்காரரே சொல்லிட்டாருங்க.”

“கலரு?”

“அது நான் சொன்னன்.”

அதற்குள் பெண்கள் கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. புடவை எங்கே எடுத்தது என்று தமிழில் கேட்டார்கள், கன்னடத்தில் கேட்டார்கள், தெலுங்கில் கேட்டார்கள். மூன்று மொழியிலும் சரிதா பதில் சொன்னாள். சென்னையிலிருந்து வந்திருந்த முதலாளி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தை வெகு நேரம் உற்றுப் பார்த்தார். முனிராஜ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து நின்றார்.

“பிரமாதம்மா!” என்றார் முதலாளி, சரிதாவைப் பார்த்து. “பின்னாடி தொங்கவிட்ட சீனரிகூட அசல் பனி மாதிரியே இருக்கு. ஓசூர்ல எந்த ஸ்டூடியோ?”