குகதாசனின் மூன்றாம் மாடி

பிரிட்டிஷ் பாஸ்போட் கைக்கு வந்த கிழமையே தவமலர் சொல்லிவிட்டாள், முதல் பயணம் ஹில்டெஸ்ஹைமுக்குத்தான் என்று. லண்டன் செவன் கிங்ஸில் தெரிந்தவர்கள் எல்லாரும் பாரிசுக்கும் சுவிசுக்கும் போய்க்கொண்டிருந்த தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. அவள் கணவர் குகதாசன், பாரிசே போதுமே என்று சொல்லிப் பார்த்தார்.

காரணம் பழையது. லண்டனுக்கு வருமுன் அவர் இரண்டு வருடம் அந்த ஜேர்மன் நகரத்தில் அகதியாக இருந்தவர். தவமலர் அப்போது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், அவருக்குப் பேசி முடித்த பெண். எண்பத்தைந்தில் அவளுக்கு ஒரு தபாலட்டை அனுப்பினார். நகரத்தின் பழைய சந்தைச் சதுக்கம். அதில் மரச்சட்டங்களால் எழுப்பிய நானூறு வருடத்து மாளிகை ஒன்று. 'இதில் மூன்றாம் மாடியில்தான் என் கந்தோர்' என்று பின்னால் எழுதியிருந்தார். மாப்பிள்ளைக்கு அலுவலக வேலை என்று பெண் வீட்டில் அட்டை கைமாறிக் கைமாறி ஓரம் நைந்து போனதாம்.

படத்திலிருந்த மாளிகை யுத்தத்தில் எரிந்து நாற்பது வருடமாயிற்று என்பதை அவர் எழுதவில்லை. அவர் காலத்தில் அந்த இடத்தில் ஒரு கொங்கிறீட் ஹோட்டல் நின்றது. கந்தோரும் இல்லை. பக்கத்துத் தெருவில், ஓர் உணவகத்தின் நிலவறையில், அவர் கோப்பை கழுவினார்.

பஸ்ஸில் போகும்போதே ஒரு வழி யோசித்து வைத்தார். மாளிகையை இடித்துவிட்டார்கள் போலும் என்று சொல்லி ஒரு பெருமூச்சு விட்டால் அலுவல் முடிந்தது.

சதுக்கத்துக்குள் திரும்பியவர், இழுத்த மூச்சை விட மறந்து நின்றார். மாளிகை நின்றது. தபாலட்டையில் இருந்தபடியே, செதுக்கிய மரமும் வர்ணமுமாக. யாரோ மெனக்கெட்டு அவருடைய பொய்யை மெய்யாக்கி வைத்திருந்தார்கள்.

பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் மாடியில் இடப்பக்கம் இரண்டாவது யன்னலடியில்தான் தன் மேசை என்றார். மழைக்காலத்தில் படிக்கட்டு முனகும் என்றார். தவமலர் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, கையிலிருந்த ஆங்கிலத் துண்டுப்பிரசுரத்தை விரித்தாள்.

"நாப்பத்தைஞ்சிலை எரிஞ்சதாம். திருப்பிக் கட்டி முடிச்சது எண்பத்தொன்பதிலையாம். நீங்கள் எண்பத்தாறிலையே லண்டன் வந்திட்டியளெல்லே?"

குகதாசன் அங்கிருந்த நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்தார். நிலவறை, சுடுதண்ணீர், வெந்து சுருங்கிய விரல்கள், ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொன்னார்.

தவமலர் கோபிக்கவில்லை. வெகுநேரம் மாளிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடத்துச் சண்டையில்தான் கொக்குவில் வீட்டின் கூரை போயிருந்தது.

"எரிஞ்சு நாப்பது வருஷத்துக்குப் பிறகும் கட்டியிருக்கினம்," என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "கந்தோர் எண்டு எழுதாட்டிலும் நான் காத்துக்கொண்டுதான் இருந்திருப்பன்."

குகதாசனுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை வரும் என்று அவள் மெதுவாகக் கேட்டபோது, உற்சாகமாகவே சொன்னார், சனிக்கிழமைகளில் எண்ணூறு என்று.

"ரண்டு வருஷத்திலை ஒண்டுகூட நான் உடைக்கேல்லை. முதலாளியே வந்து நிண்டு பாக்கிறவர்."

"ஒண்டுகூட?"

"ஒண்டுகூட."

"அப்ப கலியாணம் முடிச்ச நாள் தொட்டு, கை வழுக்கும், கோப்பை உடையும் எண்டு சிங்குக்குக் கிட்ட வராமல் நிண்டது ஆரப்பா?"



செவன் கிங்ஸ் வீட்டில், சிங்குக்குப் பக்கத்தில், ஆண்கள் அளவில் ஒரு சோடி றப்பர் கையுறை கிடந்தது. பயணம் புறப்படுமுன்னமே தவமலர் வாங்கி வைத்தது.