ஜன்னலோர மேஜைக்காரர்

ஒரு மனுஷன் எவ்வளவு நாள்தான் சுரைக்காயைத் தின்பான்?

லிஃப்ட் மெக்கானிக் தட்டைப் பார்த்தார். வேகவைத்த சுரைக்காய். உப்பு பேருக்கு. எண்ணெய் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கம்பெனியில் உடம்பைச் சோதித்த டாக்டர், ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, உப்பையும் எண்ணெயையும் குறையுங்கள் என்றார். அதை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தால் அங்கேயே புதைத்திருப்பார். கூட வந்த சம்சாரத்திடமும் டாக்டர் சொல்லித் தொலைத்துவிட்டார். அன்றோடு அந்த வீட்டில் நாக்குக்கு வேலை போனது. மெக்கானிக்குக்கு மட்டுமல்ல, பாவம் பார்த்துச் சம்சாரமும் மகளும்கூட அதையேதான் தின்றார்கள்.

அப்போதுதான் சபதம் எடுத்தார். இனி வீட்டில் ராத்திரிச் சாப்பாடு கிடையாது. செத்தாலும் கிடையாது.

சபதம் எடுக்கலாம். சம்சாரத்திடம் யார் சொல்வது? வானத்தை முட்டும் கட்டடங்களில் இரும்புக் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிற ஆள் அவர். அங்கே தலை சுற்றாது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கால் நடுங்கும். அதனால் பொய் சொன்னார்.

“டாக்டர் இன்னொண்ணும் சொன்னார்.”

“என்னவாம்?” சம்சாரம் தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் பாதிப் பேர் துணி அவள் மிஷினில்தான்.

“ராத்திரி சாப்பிடவே கூடாதாம். வயித்துக்கு ஓய்வு குடுக்கணுமாம்.”

மிஷின் நின்றது.

“என்கிட்ட சொல்லலையே?”

“நீ அப்ப மருந்து வாங்கப் போயிருந்த.”

“பசிக்காதா?”

“பசிக்கும்தான். என்ன பண்றது? உடம்புன்னு ஒண்ணு இருக்கே.”

சம்சாரம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். லிஃப்ட்காரரையே ஏற்றி இறக்குகிற பார்வை அது.

“சரிங்க,” என்றாள்.

அவ்வளவுதான். அழுகை இல்லை, சண்டை இல்லை, ‘என் சமையல் பிடிக்கலையா’ இல்லை. சம்சாரம் ஒரே வார்த்தையில் சரி என்றால் ஓடிப் போய் ஒளிந்துகொள்ள வேண்டும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மெக்கானிக் விசிலடித்துக்கொண்டு தூங்கப் போனார்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராக ஹோட்டலுக்குப் போனார். அது அவருக்குப் பழகின இடம். கீழே சமையலறை, மேலே சாப்பாட்டுக் கூடம். தட்டுகளை மேலே கொண்டு வர ஒரு குட்டி லிஃப்ட் உண்டு. அதற்கு எண்ணெய் விடுகிறவர் இவர்தான். வேலைக்காக வந்த ஒவ்வொரு தடவையும் அந்த வாசனையை மூக்கில் வாங்கி, வயிற்றில் வாங்காமல் திரும்பியிருக்கிறார். அந்தக் கடனையெல்லாம் இப்போது தீர்த்தார்.

வறுத்த மீன் வந்தது. மேலே மொறுக்கென்று உடைந்தது, உள்ளே பூப்போல உதிர்ந்தது. மிளகு சுள்ளென்றது. முக்கியமாக, உப்பு இருந்தது! மெக்கானிக்குக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“காரமா சார்?” என்று பதறினார் பெரிய மீசை வைத்த சர்வர்.

“இல்லப்பா. சந்தோஷம்.”

“தினமும் வருவீங்களா சார்? நம்பர் குடுத்துட்டுப் போங்க. இந்த ஜன்னலோர மேஜையை உங்களுக்கே வெச்சுடறோம்.”

நம்பர் கொடுத்தார். இங்கேதான் மனுஷன் கவிழ்ந்தார். அவருடைய நம்பரை அவர் யாருக்கும் கொடுப்பதில்லை. லிஃப்டில் எவனாவது மாட்டிக்கொண்டு அலறும்போது, கண்ட கண்ட கடைக்காரன் பேசிக்கொண்டிருந்தால் மாட்டினவன் கதி என்ன? அதனால் கல்யாணமான நாளிலிருந்து எங்கே நம்பர் கேட்டாலும் சம்சாரத்தின் நம்பரைத்தான் சொல்வார். மூளையைக் கேட்காமலே வாய் சொல்லும். அன்றைக்கும் சொல்லிவிட்டது.

அதற்கப்புறம் சொர்க்கம்தான். ஒரு நாள் மீன், ஒரு நாள் கோழி, ஒரு நாள் வெண்ணெயில் புரட்டின உருளைக்கிழங்கு. மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு, வீட்டு வாசலில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்.

“ரொம்பப் பசிக்குதாப்பா?” என்பாள் மகள்.

“பழகிக்கணும்மா.” வருகிற ஏப்பத்தைக் கொட்டாவியாக மாற்றி வெளியே விடுவார். அதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

ஆனால் ஒரு வாரத்திலேயே ஏதோ இடித்தது. மீனில் உப்புக் குறைந்தது. சரி, மறந்திருப்பான் என்று விட்டார். அடுத்து மொறுமொறுப்பு போனது. மீன் வறுபடவில்லை, வெந்திருந்தது. பிறகு வந்த சூப், பாத்திரம் கழுவின தண்ணீர்போல இருந்தது.

“என்னப்பா இது?”

“சமையல்காரர் பக்குவத்தை மாத்தியிருக்கார் சார்.” மீசை எங்கேயோ பார்த்தது.

“நல்லாத்தானே இருந்துது? எவன் மாத்தச் சொன்னான்?”

மீசை நழுவிவிட்டது.

பக்கத்து மேஜையில் ஒரு ஆள் மொறுக் மொறுக்கென்று மீனைக் கடித்துக்கொண்டிருந்தான். அதே ஹோட்டல், அதே அடுப்பு. அவனுக்கு மட்டும் மொறுக், இவருக்கு மட்டும் கொழக். அநியாயமாக இல்லை? அன்றைக்கு மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் குட்டி லிஃப்ட் மேலே வந்து டிங் என்றது. மீசை மூடின தட்டைக் கொண்டு வந்து வைத்தார். மூடியைத் திறந்தார். மெக்கானிக் எட்டிப் பார்த்தார்.

வேகவைத்த சுரைக்காய்.

“யோவ்!” ஹோட்டலே திரும்பிப் பார்த்தது. “இதுக்குப் பயந்துதானேய்யா வீட்டை விட்டு இங்க வரேன்! இங்கயும் துரத்திட்டு வந்திருக்கே!”

கவுன்ட்டரில் இருந்த பெண் ஓடி வந்தாள். “சார், சார், ஏன் கோபப்படறீங்க? அம்மா சொன்ன அளவுக்குத்தான் வேகவெச்சிருக்கு.”

“எந்த அம்மா?”

“உங்க வீட்டம்மா சார். தினமும் வர்றவங்களுக்கு மறுநாள் காலையில போன் பண்ணி, சாப்பாடு எப்படி இருந்துதுன்னு கேப்போம். உங்க நம்பருக்கு அம்மாதான் எடுப்பாங்க. முதல் நாளே சொல்லிட்டாங்க, சாருக்கு ரத்த அழுத்தம், அவருக்குத் தெரியாம கொஞ்சம் கொஞ்சமா உப்பைக் குறைங்கன்னு. அப்புறம் எண்ணெயையும்…”

“முதல் நாளேவா?”

“நாங்ககூட பயந்தோம் சார். இவ்வளவு அக்கறையா யாரும் சொன்னதில்ல.”

மெக்கானிக்குக்கு ரத்த அழுத்தம் நிஜமாகவே ஏறியது. “அதெல்லாம் கிடையாது. சாப்பிடறவன் நான். எனக்கு வறுத்த மீன் கொண்டு வா.”

“அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன் சார்.”

“வேண்டாம்! கேக்காத!”

கேட்டுவிட்டாள். அதுவும் போனை மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு.

“என்னங்க,” என்றது போன். “வயித்துக்கு ஓய்வு குடுத்தாச்சா?”

பக்கத்து மேஜைக்காரனுக்கு மீன் தொண்டையில் மாட்டியது. மீசை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“நான்… இங்க லிஃப்ட் ரிப்பேருக்கு…”

“தெரியுங்க. அந்த லிஃப்ட் தினமும் சாப்பாட்டு நேரத்துலதான் ரிப்பேர் ஆகும்.”

“எல்லாரும் பாக்கறாங்க. ஒரே ஒரு மீன் தரச் சொல்லேன்.”

“ஏம்மா,” என்றது போன் கவுன்ட்டர் பெண்ணிடம், “சாருக்குச் சுரைக்காய் பிடிக்கலைன்னா பூசணிக்காய் வெச்சுக் குடு.”

மெக்கானிக் எழுந்தார். ஒரு வாய்கூடத் தொடாமல் வெளியே நடந்தார். வயிறு காலி, மானமும் காலி. வழியெல்லாம் வாய்க்குள்ளேயே சண்டை போட்டார். ‘நான் சம்பாதிக்கிறேன், நான் சாப்பிடக் கூடாதா? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்’ என்று ஒவ்வொரு தெருவிளக்கிடமும் சொன்னார். விளக்குகள் ஒத்துக்கொண்டன.

மாடிப்படியில் கால் வைத்ததும் அந்த வாசனை வந்தது. வறுத்த மீன், மிளகு. ‘எந்த மகராசன் வீட்டுலயோ’ என்று பெருமூச்சு விட்டபடி ஏறினார். ஏற ஏற வாசனையும் ஏறியது. அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது.

உள்ளே சம்சாரமும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் வாயிலிருந்து மொறுக் என்று சத்தம் வந்தது.

“இது என்ன?”

“மீன்ப்பா. அந்த ஹோட்டல் பக்குவமாம்.”

“யார் சமைச்சது?”

“நான்தான்,” என்றாள் சம்சாரம். “அந்தச் சமையல்காரர் நல்ல மனுஷன்ங்க. நான் போன்ல சுரைக்காய்ப் பக்குவம் சொன்னேன், அவர் மீன் பக்குவம் சொன்னார்.”

“எனக்கு உப்பில்லாம, உங்களுக்கு மட்டும் இதா?”

“உங்களுக்காகத்தான் நாங்களும் இத்தனை நாள் உப்பில்லாம சாப்பிட்டோம். நீங்கதான் ராத்திரி சாப்பிடறதே இல்லையே. எங்களுக்கு என்ன ரத்த அழுத்தமா?”

தெருவிளக்கிடம் சொன்னது எதுவுமே ஞாபகம் வரவில்லை. மெக்கானிக் சட்டியை எட்டிப் பார்த்தார். முள் இருந்தது.

“பொய்தான் சொன்னேன்,” என்றார். குரல் அடித்தளத்துக்கே இறங்கிவிட்டது. “டாக்டர் அப்படிச் சொல்லவே இல்ல. தப்புதான். நாளையிலேர்ந்து வீட்டுலயே சாப்பிடறேன். நீ என்ன போட்டாலும் சரி.”

“நாளைக்கு இங்க அடுப்பு பத்த வெக்கலையே.”

“ஏன்?”

“ஹோட்டல்ல விருந்து. நான் சொன்ன சாப்பாட்டை ரத்த அழுத்தக்காரங்களுக்குன்னு போட ஆரம்பிச்சிருக்காங்களாம், கூட்டம் தாங்கலையாம். அந்தச் சந்தோஷத்துல எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்காங்க. மீன், கோழி எல்லாம் உண்டாம்.”

மெக்கானிக் முகத்தில் மறுபடி வெளிச்சம் வந்தது. “நானும் வரேனே!”

“தாராளமா வாங்க,” என்றாள் சம்சாரம், கை கழுவ எழுந்தபடி. “உங்களுக்குத்தான் அங்க தனியாச் சமைக்கிறாங்களே.”