தையல்காரன் போட்ட ஊசி

பேரன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் நீ பாதிப் பேச்சில் ஃபோனை வைத்துவிட்டுப் போனாயே, அந்த ஃபோனை இன்னும் காதில் வைத்துக்கொண்டு நிற்கும் உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் சுகம். என் வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் அவ்வளவு சுகமில்லை. அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும், உன் கால்நடை ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னிடம் ஊசி போட்டுக்கொள்ளும் ஆடு மாடுகளும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன். ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோன் என்றால் நீ பேசுவாய், நான் 'ம்' கொட்டுவேன், கடைசியில் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகும், சின்ன வயதிலிருந்து இதுதானே நடக்கிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று சந்தேகப்படாதே. விரலில் கட்டு இருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தம்பி மனைவிதான் எழுதுகிறாள். ஒரு எழுத்துகூட மாற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வர வேண்டாம். லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வந்து இவளுக்கு நீயே தினமும் ஊசி போடுவதாகச் சொன்னாயே, அதற்கு நன்றி, ஆனால் வேண்டாம். குழந்தைக்காக நாங்கள் எடுத்துக்கொள்ளும் வைத்தியம் இது இரண்டாவது தடவை என்பது உனக்குத் தெரியும். முதல் தடவை கைகூடாமல் போன பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. நான் கடைக்குப் போனேன், அவள் பாடம் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள், சாயங்காலம் இரண்டு பேரும் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "இந்தத் தடவையும் இல்லேன்னா விட்டுடலாங்க, இதுக்கு மேல என் உடம்பு தாங்காது" என்று இப்போது சொல்லிவிட்டாள். நானும் சரி என்றுவிட்டேன். முதல் தடவை ஊசிக்காக அவள் தினமும் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததால், இந்தத் தடவை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். பார்க்க மைப் பேனா மாதிரி இருக்கும், மூடிகூட உண்டு. வயிற்றுத் தோலைக் கொஞ்சம் மடித்துப் பிடித்து, பேனாவை நேராக வைத்துக் குத்தி, மேலே கட்டைவிரலால் அழுத்த வேண்டும். தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில். தவறவிட்டால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். உன் தம்பி மனைவியோ ஊசியைக் கண்டு பல் டாக்டரின் நாற்காலியிலிருந்து இறங்கி, செருப்பைக்கூட அங்கேயே விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தவள். (அது ஒரே ஒரு தடவை, அண்ணி. – எழுதுபவள்.)

நர்ஸ் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "வீட்ல யார் போடப் போறீங்க?" என்று கேட்டார். இவள் என்னைப் பார்த்தாள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "சிஸ்டர், எனக்குச் சோறு போடறதே ஊசிதான்" என்றேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "துணி கத்தாது சார்" என்றார். அது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் நீ ஃபோனில் வந்து, "எருமைக்கே போடறேன், இவளுக்குப் போட மாட்டேனா?" என்றாய், அதை ஸ்பீக்கரில் இவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் நான், ஊசி விஷயத்தில் எனக்கே பாடம் எடுக்க வராதே என்று குரலை உயர்த்தினேன். உள்ளதைச் சொல்கிறேன் அக்கா, இந்த வைத்தியத்தில் எல்லாம் அவள் உடம்பில்தான் நடக்கிறது. ரத்தம் எடுப்பது அவளிடம், ஸ்கேன் அவளுக்கு, தலைசுற்றல், வாந்தி, வயிற்று உப்புசம் எல்லாம் அவளுக்கு. என் பங்கு ஒரு சின்ன டப்பாவோடு முடிந்துவிடுகிறது, அதைப் பற்றி அக்காவுக்கு விளக்கி எழுதுவது முறையல்ல. மற்றபடி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறேன். ஒழுங்கான வேலை என்று எனக்கு வாய்த்தது இந்த ஊசி ஒன்றுதான், அதையும் நீ பிடுங்க வந்தால் கோபம் வராதா, நீயே சொல்.

சரி, விரல் கதை. மருந்து தொடங்குவதற்கு முதல் நாள் கடையில் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஒருவர் தோள்பட்டை சரியில்லை என்று கோட் கொடுத்திருந்தார், அதிலிருந்து உருவிய ஸ்பாஞ்சு பக்கத்திலேயே கிடந்தது. அமுக்கிப் பார்த்தால் ஏறக்குறைய வயிறு மாதிரியே இருந்தது. ஊசி போடும் முறையை ஒரு நர்ஸ் சொல்லித்தரும் வீடியோவை ஃபோனில் போட்டு, நூல் டப்பாவில் சாய்த்து வைத்தேன். கடையில் நல்ல வெளிச்சம் இருப்பது மெஷின் பல்புக்குக் கீழேதான், அதனால் ஸ்பாஞ்சை அங்கே வைத்து, மடித்துப் பிடித்து, மூடி போட்ட பால்பாயின்ட் பேனாவை ஊசியாகப் பாவித்துத் தயாராக உட்கார்ந்தேன். நர்ஸ், "இப்போ அழுத்துங்க" என்றார். அழுத்தினேன். என்ன கொடுமை என்றால், கை அழுத்த வேண்டிய இடத்தில் கால் அழுத்திவிட்டது. மெஷின் முன்னால் உட்கார்ந்தால் கால் தானாகப் பெடல் மேல் போய்விடும், அதற்கு நர்ஸின் பேச்சு வேறு, கஸ்டமர் பேச்சு வேறு என்று தெரியுமா? மோட்டார் மெஷின் அக்கா, ஒரு 'டர்ர்' தான். நகத்தில் இறங்கி, அந்தப் பக்கம் வந்து, விரலையும் ஸ்பாஞ்சையும் நீல நூலால் சேர்த்து அடித்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, தையல் நேராக இருந்தது. சக்கரத்தைக் கையால் திருப்பி ஊசியைத் தூக்கப் பார்த்தேன், முனை உள்ளேயே முறிந்தது. விரலில் ஸ்பாஞ்சு தொங்க, தெருவில் ஆஸ்பத்திரியை நோக்கி ஓடினால், எதிரே வந்தவர் வேறு யாருமில்லை, அந்தக் கோட்டுக்காரர்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார். "இது என்னுதுதானே? எப்போ ரெடியாகும்?" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன தொழில் என்று கேட்டார். தையல்காரன் என்றேன். கொஞ்சம் இருங்கள் என்று வெளியே போனவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். ஊசி முனையை எடுத்து, விரலை நிமிர்த்தி வைத்து, கரண்டிக் காம்பு மாதிரி ஒன்றைக் கட்டி அனுப்பினார். அதுவரை நான் வீரமாகத்தான் இருந்தேன், பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்த இவளிடம்கூட ஒன்றுமில்லை என்று சிரித்தேன். கடைசியாக, இரும்பு குத்தியதற்கு டி.டி. ஊசி என்று ஒரு பெண் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. பஞ்சால் துடைத்தது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது நான் கட்டிலில் கிடந்தேன், இவள் விசிறிக்கொண்டிருந்தாள். "போட்டாச்சா?" என்றேன். "இன்னும் போடல சார், இனிமேதான்" என்றது அந்தப் பெண். வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது, "நாளைக்கு சாயங்காலம் யாருங்க போடுவா?" என்றாள்.

இந்த இடத்தில் நீ, அப்பவே என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்பாய். மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. மாடி வீட்டம்மா நர்ஸ்தான், பூப்போல ஊசி போடுவாராம். ஆனால் அவர் காதில் ஒன்று விழுந்தால் படியிறங்கிக் கீழே வருவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். முதல் தடவை எப்படியோ விஷயம் கசிந்து, எதிரே வருகிறவர்கள் எல்லாம் இவள் முகத்தைப் பார்க்கும் முன்னால் வயிற்றைப் பார்த்தார்கள். அது மறுபடியும் வேண்டாம் என்று இரண்டு பேருமே நினைத்தோம். அதனால் இடது கையைப் பழக்க முடிவு செய்தேன். நர்ஸ் கொடுத்து, வீட்டிலேயே கிடந்த ஒத்திகைப் பேனாவில் தண்ணீர் ஏற்றி, குண்டூசி குத்தி வைக்கும் பஞ்சு மெத்தையில் மறுநாள் காலையிலிருந்து போட்டேன். மெத்தை ஊறி, குண்டூசியில் இருந்த துரு எல்லாம் இறங்கி, ஒரு வெள்ளைச் சட்டைக் காலர் அம்மை போட்டது போல ஆனது. அப்படியே இடது கையால் கத்தரியையும் பிடித்துப் பார்த்தேன். ஒருவரின் பேன்ட்டில் ஒரு கால் மற்றதைவிட ஒரு சாண் குறைந்துவிட்டது. இப்போ இதுதான் ஃபேஷன் என்றேன். "அப்போ நீங்களே போட்டுக்குங்க" என்று விட்டுவிட்டுப் போனார். அதைத்தான் போட்டுக்கொண்டு இந்தக் கடிதத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனிமேல்தான் நல்ல சேதி. அன்று சாயங்காலம் ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டில் வைத்திருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அளவைத் திருப்பி வைத்தேன். இவள் தலையணையைப் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு ஊசி முனையைப் பார்த்ததுமே காது அடைத்தது, இடது கை தந்தி அடித்தது. "கண்ணை மூடிக்குங்க, நான் கையைப் பிடிச்சுக்கறேன்" என்றாள். "கண்ணை மூடிக்கிட்டு எப்படிடீ குத்தறது?" என்றேன். "இருட்டுல ஊசி கோர்ப்பேன்னு கல்யாணத்துக்கு முன்னாடி பீத்திக்கிட்டீங்களே" என்றாள். பேச்சு என்று வந்துவிட்ட பிறகு விட முடியுமா? மூடினேன். அவள் கை என் கை மேல் இருந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு, பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலால் ஓர் அழுத்து. அக்கா, பஞ்சில் இறங்குவது போல இறங்கியது. கண்ணைத் திறந்தால் பேனா என் கையில், அளவு பூஜ்யத்தில். வலித்ததா என்றேன். "தெரியவேயில்ல" என்றாள். (இந்த இடத்தில் இவள் ஏனோ எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். வந்த பிறகு தொடர்கிறேன்.)

அன்று முதல் தினமும் நான்தான். கண்ணை மூடினால்தான் கை நடுங்குவதில்லை என்பதை என் தனிப் பாணியாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று ஸ்கேனுக்குப் போனபோது அதே நர்ஸ் இவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, "ஒரு ரத்தக்கட்டுகூட இல்லையே, யார் போடறது?" என்றார். நான்தான் என்றேன், துணி கத்தாதுதான், ஆனால் இவளும் கத்தவில்லை பாருங்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். இவள் அடக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கருமுட்டைகள் நன்றாக வளர்கின்றன என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பாக வந்தது. அப்புறம் அது பயமாகவும் வந்தது. பலிக்காவிட்டால் என்ன செய்யப்போகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. ஆனால் போன தடவை நான் வாசலில் நின்றேன், இந்தத் தடவை சாயங்காலம் அந்தக் கொஞ்ச நேரமாவது நானும் உள்ளே இருக்கிறேன். இதை எழுதாதே என்றேன், எழுதிவிட்டாள்.

ஆகவே ஊசி நல்ல கையில் இருக்கிறது, நீ நிம்மதியாக இரு. அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து, என்னைப் போல இல்லாமல் கைகால் வேறுபாடு தெரிந்தவர்களாக வளரட்டும். உன் ஆசீர்வாதம் மட்டும் எங்களுக்குப் போதும், அதை அங்கிருந்தே அனுப்பு. எருமைகளுக்கு என் அனுதாபங்கள்.

உன் பேச்சைக் கேட்காத,
ஆனால் உன் பேச்சையே நினைத்துக்கொண்டிருக்கும்
தம்பி
(இடது கை ரேகை)

பி.கு.: அண்ணி, இது நான். சொன்னபடி ஒரு எழுத்துகூட மாத்தாம எழுதிட்டேன். அவர் அந்தக் கோட்டைக் கொடுத்துட்டு வரப் போயிருக்கார், அதுக்குள்ள இதையும் எழுதிடறேன். முதல் நாள் அவர் கண்ணை மூடினதும் கை என் வயித்துப் பக்கமே வரல, நேரா தலையணைக்குப் போச்சு. ஒரு ஊசி மருந்து வீணாப் போயிடுமேன்னு பேனாவை மெல்ல உருவிக்கிட்டு, அதோட மூடியை அவர் விரலுக்கு நடுவுல வெச்சேன். மனுஷன் மூணு எண்ணி, பல்லைக் கடிச்சுக்கிட்டு, மூடியாலேயே தலையணைக்கு ஊசி போட்டார். இந்தப் பக்கம் எனக்கு நானே போட்டுக்கிட்டு, பேனாவைத் திருப்பி அவர் கையில வெச்சேன். தினமும் இதேதான் நடக்குது. எனக்கு பயம் போயிடுச்சுன்னு மட்டும் நினைக்காதீங்க. குத்தற நேரத்துல நான் வயித்தைப் பாக்கறதில்ல, அவர் மூஞ்சியைத்தான் பாக்கறேன். எனக்கு வலிச்சிடக் கூடாதேன்னு கண்ணை அவ்வளவு இறுக்கி மூடிக்கிட்டு இருப்பார். அதைப் பாத்துக்கிட்டே இருந்தா ஊசி இறங்கறது நிஜமாவே தெரியறதில்ல, அண்ணி. அவர் பக்கத்துல இல்லேன்னா என்னால ஒரு நாள்கூட போட்டுக்க முடியாது. நீங்க வந்துட்டா அவர் கண்ணைத் திறந்துடுவார். அதனால தயவுசெஞ்சு வராதீங்க.